எர்த் கழற்றிய பெட்டி

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருவதால்தான் எல்லப்பன் மற்ற கிழமைகளைப் பொறுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையிலேயே குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் படப்பையில் இசக்கிபாண்டியின் வாடகை அறை வாசலில்தான் இறங்குவார். பைக்குள் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி, பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டர்கள், ஒரு பொட்டலம் முறுக்கு.

இசக்கிபாண்டி திருநெல்வேலிப் பக்கத்து ஆள். லாரி செய்கிற கம்பெனி ஒன்றில் எலெக்ட்ரீஷியன். அவன் மனைவி முத்துச்செல்வி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் இடத்தில் வேலை. வயதில் எல்லப்பனைவிட இருவருமே ரொம்பச் சின்னவர்கள். ஆனால் பாயை விரித்து, நடுவில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு மூவரும் குனிந்துவிட்டால் வயது என்ன, ஊர் என்ன? ஆம்ப்ளிஃபயர் கட்டுவதுதான் அவர்களுக்குப் பேச்சு, பொழுது எல்லாம்.

விற்பதற்காக இல்லை. கடையில் தயாராகக் கிடைக்கிற சாமானை எதற்கு இப்படி உயிரைக் கொடுத்துக் கட்டுகிறீர்கள் என்று எல்லப்பனின் மனைவி செங்கமலம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். அதற்கு அவரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன மனிதர். ஆனாலும் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் மூவருமாகச் சேர்ந்து கோடு கோடாக வரைந்த சர்க்யூட், ஒரு நாள் ஸ்பீக்கர் வழியாக மனுசக் குரலாக வெளியே வருகிறதே, அந்த நேரத்தில் அவருக்குச் சாமி கும்பிடத் தோன்றும். கும்பிடவும் செய்வார். புதிதாகக் கட்டிய பெட்டிக்கு முதல் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றாமல் விட்டதில்லை.

"அண்ணாச்சி, கற்பூரத்த கொஞ்சம் தள்ளி வைங்க. பொகை வந்தா சாமிப் பொகையா, போர்டு எரியுத பொகையான்னு எனக்கு வெளங்க மாட்டேங்கு" என்பான் இசக்கிபாண்டி.

"ரெண்டுத்துக்கும் கும்பிடு போட்டுக்கோ" என்பார் எல்லப்பன்.

மற்ற ஆறு நாளும் ஒரகடத்தில் ஒரு கார் பாகக் கம்பெனி. இரும்புக் கை ஒன்று வரும். அதன் துளையில் ரப்பர் வளையத்தை வைத்து பிரஸ்ஸை இறக்க வேண்டும். அது போகும், அடுத்தது வரும். கன்வேயர் நிற்காது. அவருடைய இடத்துக்கு மாற்றாள் வராமல் ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. வருசா வருசம் காண்ட்ராக்டின் பெயர் மாறும், கழுத்தில் தொங்குகிற அட்டை மாறும். ஒவ்வொரு அட்டையிலும் அவர் புதிதாகச் சேர்ந்த ஆள். தலை நரைத்த புது ஆள்.

இப்போது கட்டியிருந்த பெட்டிதான் அவர்கள் இதுவரை செய்ததிலேயே பெரியது. ஜன்னல் செய்கிற அலுமினியத் துண்டை அறுத்து, டிரான்சிஸ்டர் சூடு இறங்கப் பட்டை வைத்திருந்தார்கள். பெட்டியின் உடம்பு தகரம். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழசு. ஒரு செத்த இன்வெர்ட்டரிலிருந்து எடுத்தது. சுருளின் மேலிருந்த வார்னிஷ் அங்கங்கே உதிர்ந்து, கரண்டு லேசாகத் தகரத்துக்குக் கசிந்தது. எர்த் கம்பி இருந்தால் கவலையில்லை. கசிகிற கரண்டை அந்தக் கம்பி மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். புது டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிற வரைக்கும் ஓட்டலாம் என்று விட்டிருந்தார்கள்.

பாட்டு அருமையாக வந்தது. ஆனால் மைக்கையும் பாட்டு போடுகிற பிளேயரையும் சேர்த்து மாட்டினால் உள்ளே ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டு 'ஊம்ம்ம்' என்றது. எங்கிருந்து அந்த இரைச்சல் என்று போன ஞாயிறு முழுக்கத் தேடினார்கள். கடைசியில் முத்துச்செல்வி, "எர்த்தக் கழத்திப் பாருங்க" என்றாள். எல்லப்பன் பெட்டிக்குள் இருந்த பச்சைக் கம்பியைக் கழற்றினார். வண்டு செத்தது. பாட்டு, துடைத்த கண்ணாடி மாதிரி.

"இதான் கேடு. எர்த்து ரெண்டு வழியா சுத்துது" என்றாள் முத்துச்செல்வி. "நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டுத் திரும்ப மாட்டிரணும். அடுத்த ஞாயித்துக்கெழம வாங்கிட்டு வாறேன். அது வரைக்கும் பெட்டிய யாரும் தொடப்படாது, அண்ணாச்சி. சும்மா சொல்லல."

"யார் தொடப்போறா? எம் பொண்டாட்டி கிட்டயே வரமாட்டா."

பச்சைக் கம்பி உள்ளே சும்மா தொங்க, எலி புகுந்துவிடும் என்று மூடியைத் திருகி இறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தார். செங்கமலத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குப் புரியாது என்று நினைத்தார்.

அந்த ஞாயிறும் வந்தது. ஆடி ஞாயிறு. வாலாஜாபாத் போகிற ரோட்டில் இருக்கும் அவர்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். கூழ் ஊற்றும்போது அம்மன் பாட்டைச் செங்கமலம்தான் மைக்கில் பாடுவாள். வாலாஜாபாத்திலிருந்து சவுண்டு சர்வீஸ் வரும். அன்றைக்குக் காலையிலாவது கோயிலில் நின்று கும்பிட்டுவிட்டு அப்புறம் படப்பைக்குப் போக வேண்டும் என்று, ஞாயிறு லீவில் கூப்பிட வேண்டாம் என எல்லப்பன் முன்பே கேட்டு வைத்திருந்தார். முந்தின நாள் ஷிஃப்ட் முடிகிறபோது சூப்பர்வைசர் எழிலரசன் வந்து, "அண்ணே, நாளைக்கி ஓவர்டைம். கம்பல்சரி. காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

கேட்டில் செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டு, ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வெளியுலகம் கிடையாது.

டீ பிரேக்கில் கலைமதி ஓடிவந்தாள். எதிர்வீட்டுப் பெண், பேக்கிங்கில் வேலை. காண்ட்ராக்ட் இல்லாமல் கம்பெனியின் நிரந்தர ரோலில் இருப்பவள் என்பதால் பர்மிஷன் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் ஈரம் காயவில்லை.

"மாமா! நீ இங்க கீற, அங்க உன் பொட்டி கோயிலயே தூக்கினு கீது!"

"எந்தப் பொட்டி?"

"நீ கட்டுனியே, அதான். சவுண்டு சர்வீஸ்காரன் வரல. வேற எடத்துக்குப் பூட்டானாம். பசங்க வந்து கேட்டானுங்கோ. அத்தைதான், 'எங்க வூட்டுக்காரரு கட்டுனது கீது, தூக்கினு போங்க'ன்னு பெருமையா குடுத்துச்சி."

எல்லப்பன் டீயைக் கீழே வைத்தார்.

"இதக் கேளு மாமா, அதவிட பெரிய சேதி. அத்தைக்கு சாமி வந்துட்ச்சி! மைக்க புடிச்சி ரெண்டு வரி பாடிச்சி. அப்டியே கையி வெடவெடன்னு ஆடிச்சி. 'ஆத்தா'ன்னு ஒரு கத்து. மைக்கு கீய வியுந்துட்ச்சி. எல்லாரும் கன்னத்துல போட்டுகினாங்க. மஞ்சத் தண்ணி ஊத்தி, வேப்பல குடுத்து ஒக்கார வச்சிகிறாங்க. எல்லாரும் கால்ல வியறாங்க மாமா! கூழ் ஊத்தறப்ப மறுபடி மைக்கு குடுப்பாங்களாம். அப்புறம் குறி சொல்லப்போவுதாம்!"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எல்லப்பன் காதில் அதற்கு மேல் விழவில்லை.

மைக்கின் உடம்பு இரும்பு. அதன் வயர் மேலே சுற்றிய வலை, பெட்டியின் தகரத்தோடு சேர்ந்தது. தகரத்தில் கசிவு. கசிவை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சைக் கம்பி, உள்ளே சும்மா தொங்குகிறது. அவர் கழற்றியது. ஆடி மாதத்து ஈரக்காற்று. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறாள். மேலே குடம் குடமாக மஞ்சள் தண்ணீர். முதல் தடவை உதறிப்போட்டாள். நனைந்த கையால் மறுபடி பிடித்தால், கை மைக்கை விடாது.

அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஏக்கம் உண்டு. ஒவ்வொரு ஆடியிலும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அருள் வரும். பாடுவது இவள், ஆடுவது அவர்கள். "நான்தான கூப்புடறேன். ஏன் எம்மேல மட்டும் வரமாட்டேன்றா?" என்று ஒருமுறை அழுதிருக்கிறாள். இன்றைக்கு ஆத்தா வந்துவிட்டாள் என்று நம்பி, நனைந்த புடவையோடு, சந்தோசமாக, அந்த மைக்குக்காகக் காத்திருப்பாள்.

கலைமதியின் போனும் கேட்டில்தான் இருந்தது. எழிலரசனிடம் போய் நின்றார்.

"சார், எனக்கு அவுட் பாஸ் ஓணும். இல்லாங்காட்டி ஒரு போனாவது."

"அண்ணே, உன் ஸ்டேஷனுக்கு ரிலீவர் இல்ல. இன்னா விசயம்?"

"எம் பொண்டாட்டி கோயில்ல மைக்கு புடிக்கப் போறா சார்."

எழிலரசன் சிரித்துவிட்டான். கெட்ட பையன் இல்லை; அவனுக்கும் மேலே ஒருத்தன் மணிக்கொருதரம் கணக்குக் கேட்கிறான். "பாடறதுக்கெல்லாமா அண்ணே அவுட் பாஸ்?"

"மைக்குல கரண்டு வருது சார்."

"அத சவுண்டு சர்வீஸ்காரன் பாத்துக்குவான்."

"சவுண்டு சர்வீஸே நான்தான் சார்."

"லஞ்சுல போய் பேசிக்கோண்ணே. இப்ப லைன் ஸ்டார்ட் ஆவுது, போ."

லஞ்சுக்கு முன்னால் கூழ் ஊற்றிவிடுவார்கள். மணி அடித்தது. கன்வேயர் அசைந்தது. எல்லப்பன் தன் இடத்துக்குப் போனார். வேறு எங்கே போக முடியும்? இரும்புக் கை வந்தது. வளையத்தை வைத்தார். பிரஸ் இறங்கியது. அடுத்தது வந்தது.

'ஆத்தா, நீ அங்கேயேதான் இருக்கிறாய். உன் எதிரிலேயேதான் அவளும் நிற்கிறாள். பார்த்துக்கொள்' என்று வேண்டிக்கொண்டார். வளையம். பிரஸ். 'ஒருமுறை உதறவைத்துக் காப்பாற்றினாயே, இன்னொரு முறை காப்பாற்ற மாட்டாயா?' வளையம். பிரஸ். வேண்டுதல் பாதியில் நின்றது. பெட்டியைக் கட்டியது ஆத்தா இல்லையே. கம்பியைக் கழற்றியதும் அவள் இல்லை. மூடியைத் திருகி, வாயையும் மூடிக்கொண்டிருந்தது யார்?

சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு ஆள் கூப்பிட லைன் ஓரமாகத் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுத்தால் எழிலரசன் வருவான். மறுபடியும் லஞ்சு என்பான். நடந்து வெளியே போனால் கதவு அட்டையைக் கேட்கும்; அவர் அட்டைக்கு ஷிஃப்ட் நடுவில் கதவு திறக்காது. லைன் ஓடுகிற வரைக்கும் அவரை யாரும் வெளியே விடமாட்டார்கள். லைன் நின்றால்?

நின்றால் அவர்களே பிடித்து வெளியே இழுத்துப்போவார்கள்.

அவர் தலைக்கு மேலே சிவப்புப் பொத்தான் இருந்தது. யாருடைய கையாவது மாட்டிக்கொண்டால் மட்டுமே அடிக்க வேண்டியது. இத்தனை வருசத்தில் அதைத் தொட்டதில்லை. "அம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அடித்தார்.

கொட்டகை முழுக்கச் சத்தம் செத்தது. இப்படி ஓர் அமைதியை அந்த இடத்தில் அவர் கேட்டதே இல்லை. எழிலரசன் வெளிறிப்போய் ஓடிவந்தான். "கையா? கை மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார். என் கை நல்லாதான் கீது."

"அப்புறம் எதுக்குய்யா அடிச்ச?"

'அண்ணே' போய் 'ய்யா' வந்திருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக அவரை செக்யூரிட்டி அறைக்குக் கொண்டுபோய், "காண்ட்ராக்டர் ஆள் வர்ற வரைக்கும் இவன் இங்கயே இருக்கட்டும். எங்கயும் வுடாத" என்று காவல்காரர் பிச்சையாவிடம் சொல்லிவிட்டு லைனைத் திரும்ப ஓட்ட ஓடினான்.

எல்லப்பன் சட்டைப்பையிலிருந்து டோக்கனை எடுத்து நீட்டினார். "அண்ணே, உனக்குப் புண்ணியமாப் பூடும். என் போனு."

"உள்ள இருக்கறவனுக்குப் போன் குடுத்தா என் வேலை காலிப்பா. மேல கேமரா கீது பாரு."

"எம் பொண்டாட்டி செத்துப்பூடுவாண்ணே."

பிச்சையா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, போனை மேசைக்கு அடியில் நீட்டினார்.

செங்கமலத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இருக்கும். இசக்கிபாண்டிக்குப் போட்டார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கியவன் குரல்.

"என்ன அண்ணாச்சி, வரலையா இன்னும்? ரெசிஸ்டர் வாங்கியாச்சு..."

"பொட்டி கோயில்ல கீதுப்பா. எங்கூர்ல. செங்கமலம் மைக்கு புடிச்சிட்டா. மேல தண்ணி ஊத்திகிறாங்க."

அந்தப் பக்கம் அவன் அடித்துப்பிடித்து எழுகிற சத்தம். பிறகு, "ஏட்டி செல்வி, பைக் சாவிய எடு!" என்று ஒரு கத்தல். போன் அறுந்தது. அவனுக்கு வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே மூடின கேட். எல்லப்பன் படப்பையிலிருந்து மனசுக்குள்ளேயே பைக் ஓட்டினார். ஒரகடம் ரவுண்டானாவில் கன்டெய்னர் லாரி மறித்தது. ரயில் இல்லாத இடத்தில்கூட ரயில்வே கேட் விழுந்தது. பிச்சையா தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே மஞ்சள் தண்ணீர்க் குடம்தான் ஞாபகம் வந்தது.

போன் அடித்தது.

"புடுங்கிட்டேன், அண்ணாச்சி" என்றான் இசக்கிபாண்டி. பின்னால் பம்பை முழங்கியது. யாரோ அவனைத் திட்டினார்கள். "மைக்க நீட்டிட்டாங்க. அண்ணி கைய நீட்டுத நேரம், பிளக்க இழுத்துட்டேன். அதுக்கு முன்ன டெஸ்டர வச்சுப் பாத்தேன், பல்பு கணக்கா எரியுது. ஆளாளுக்கு அடிக்க வாறாங்க. செல்விதான் சமாளிச்சுக்கிட்டிருக்கா."

எல்லப்பனுக்குக் கண்ணீர் வந்தது.

"நான் பியூஸ் போயிட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்று குரலைத் தாழ்த்தினான் இசக்கிபாண்டி. "அண்ணிக்குச் சாமி வந்துச்சுன்னு ஊரே நம்பிட்டிருக்கு. அது அப்படியே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நட்டம்? நீங்களும் சொல்லிக்கிடாதிய."

அந்த வழி எல்லப்பனுக்கும் தெரிந்தது. நல்ல வழிதான். செங்கமலத்துக்குச் சந்தோசம், அவருக்கும் கெட்ட பெயர் இல்லை. ஆனால் குறி கேட்க ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்களே. பொண்ணுக்கு எந்த ஊர் வரன் பார்க்கலாம், ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்றெல்லாம் கேட்பார்களே. இவள் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அவர்கள் அதை ஆத்தா வாக்கென்று எடுத்துப்போவார்கள். ஆத்தா பெயரில், அவர் கழற்றிய கம்பி பேசும்.

"போன அவகிட்ட குடு, இசக்கி."

"அண்ணாச்சி..."

"குடுப்பா."

செங்கமலத்தின் குரல் தழுதழுத்திருந்தது. "ஏங்க, உங்களுக்குச் சொன்னாங்களா? எம்மேல வந்தா. இத்தினி வருசம் கழிச்சி வந்துட்டா."

"செங்கமலம். அந்தப் பொட்டில எர்த்து இல்லம்மா. நான்தான் கயட்டிட்டேன். உன் கையில ஏறுனது கரண்டு."

பம்பைச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் இறங்கியது.

"அப்ப என் கைய புடிச்சி உலுக்குனது அவ இல்லியா?"

எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "நான் கட்டுன பொட்டிம்மா. உன்ன அந்த ஒரு உதறலோட வுட்டது மட்டும்தான் அவ."

"எங்கால்ல எத்தினி பேரு வியுந்தாங்க தெரியுமா? மரகதம் வியுந்தா. வாய்க்கா சண்டைக்கி அப்புறம் என் மூஞ்சிய பாக்காதவ. அழுதுகினே வியுந்தா. நானும் திருநூறு பூசி வுட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப அவகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்? என்னால ஆவாது. நீ வா. நீயே வந்து சொல்லு."

"பஸ்சு சாயங்காலந்தாம்மா. என்ன புடிச்சி ஒக்கார வச்சிகிறாங்க."

"என்னயும்தான் ஒக்கார வச்சிகிறாங்க. சுத்தியும் ஆளுங்க. எந்திரிக்க வுட மாட்றாங்க. நீ வர்ற வரிக்கும் நான் சாமியாவே ஒக்காந்துகினு இருக்கவா?"

"வாயத் தொறக்காம இரும்மா. யாருக்கும் குறி மட்டும் சொல்லிடாத" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

பிச்சையா கையை நீட்டினார். போன் பெட்டிக்குள் போனது. டோக்கன் அவர் பைக்குத் திரும்பியது.

"பொழச்சிதா?"

"பொழச்சிட்டா."

"அப்புறம் ஏம்ப்பா மூஞ்சி இப்டி கீது?"

"நான் போய் சாமி வரலன்னு சொல்லணும்ணே."

"யார்கிட்ட?"

"ஊர்கிட்ட."

பிச்சையா வாயில் விரலை வைத்துக்கொண்டார். "ஆடி ஞாயித்துக்கெயமலயா?" என்று கேட்டார்.

எல்லப்பன் தலையாட்டினார். உள்ளே லைன் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. அவர் இடத்தில் யாரோ பிரஸ்ஸை இறக்குகிற சத்தம் தவறாமல் வந்தது. காண்ட்ராக்டர் ஆள் இன்னும் வரவில்லை. ஊர் முன்னால் நின்று முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். 'அம்மா, ஐயா, எல்லாரும் என்னை மன்னிக்கணும்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.